துவைக்காமல் காய்ந்த சட்டை

அத்தியாயம் ஆறு

ஒரு சட்டையை எடுத்து வெளியே வைப்பதற்கு ஒரு பெண் இவ்வளவு கூசியதை இளமதி தன் பதினோரு ஆண்டுத் தொழிலில் கண்டதில்லை. ஜெயராணி முதலில் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு குடிசையின் மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, இரண்டு புடவைகளை நீக்கி, அடியிலிருந்து ஒரு நீல நிறச் சட்டையை எடுத்தாள். எடுத்தவள் அதை இளமதியின் கையில் கொடுக்கவும் இல்லை. பாயின் மேல் வைத்துவிட்டு, அதைவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி நடவுக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், எங் கொடியில இது தொங்குது," என்றாள். "யாரோடதுன்னு தெரியல. தேடி வந்தா குடுத்துரலாம்னு எடுத்து வச்சேன். இப்பிடி ஆவும்னு எனக்குத் தெரியுமா மேடம்."

இப்படி ஆனது என்னவென்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குமராட்சியிலிருந்து புறப்படும் மினி பஸ்ஸுக்குக் கடைசி நிறுத்தம் மணல்திட்டு. அங்கே கொள்ளிடக் கரையோரம், வெள்ளத்துக்கு ஒரு சுவர் என்ற கணக்கில் கரைந்துகொண்டிருக்கும் குடிசை ஜெயராணியுடையது. கணவன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. அரசின் வீடு கட்டும் திட்டத்தில் அவளுக்கு ஒரு கான்கிரீட் வீடு என்று பட்டியலில் பெயர் ஏறியது. அந்த மகிழ்ச்சி ஒன்பது நாட்கள் உயிரோடு இருந்தது. பத்தாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்து சேர்ந்தது.

ஜெயராணியின் மறைந்த கணவருடைய தம்பி கலியமூர்த்தி, வயது முப்பத்தெட்டு, செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மாதச் சம்பளக்காரர், மேற்படி குடிசையில் நிரந்தரமாக வசித்து வருகிறார் என்று அக்கடிதம் தெரிவித்தது. சம்பளம் வாங்கும் வயது வந்த ஒருவர் வசிக்கும் குடும்பத்துக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்ற விதியையும் அது தாழ்மையுடன் நினைவூட்டியது. 'இப்படிக்கு, உண்மையை மட்டுமே விரும்பும் ஒருவன்' என்று முடிந்தது. உண்மையை விரும்புகிறவர்கள் தம் பெயரை மட்டும் ஏன் விரும்புவதில்லை என்று இளமதிக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. ஆதாரமாகக் கடிதத்தோடு ஒரு புகைப்படம் இணைக்கப்பட்டிருந்தது: ஜெயராணியின் குடிசை, அதன் முன்னே துணி காயும் கொடி, கொடியில் இந்தத் தொழிற்சாலைச் சட்டை.

அவ்வளவுதான். அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மை விழுந்துவிட்டது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஊர்க்கூட்டத்தில் பட்டியல் படிக்கப்படும். அதற்குள் கலியமூர்த்தி அங்கே வசிக்கவில்லை என்று மெய்ப்பித்தாக வேண்டும். தவறினால் வீடு போய்விடும். வீடு மட்டுமா போகும்? கணவனை இழந்தவள் வீட்டில் கொழுந்தன் குடியிருக்கிறான் என்ற பேச்சு ஊருக்குள் குடியேறிவிடும். அந்தப் பேச்சை எந்தப் பட்டியலிலிருந்தும் எந்த அதிகாரியாலும் நீக்க முடியாது.

இளமதியின் தகவல் நிலையம் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மாடியறை. அங்கே வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. வாடகை வீட்டைச் சொந்த வீடு என்றும், சொந்தக் கடனைப் பூர்விகச் சொத்து என்றும் சொல்லுகிற ஆண்மக்களைப் பதினோரு ஆண்டுகளாக விசாரித்து வந்ததில், சட்டை அணிகிற இனத்தின்மேல் அவளுக்கு இருந்த மரியாதை நன்றாகவே தேய்ந்திருந்தது. இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் அவளுடைய உதவியாளர் ஆரோக்கியராஜ். ஐம்பத்து நான்கு வயதுக்காரர். பதினைந்து ஆண்டுகள் இதே மணல்திட்டு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பையையும் விசிலையும் விட்டுவிட்டார். வாயை மட்டும் விடவில்லை.

அவர் இப்போது உள்ளே வராமல் வாசலில் நின்று வேறெதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்த ஊர்ல ஆடுகூடப் பத்திரிகை படிக்குது," என்றார்.

ஜெயராணியின் ஆடு பின்னங்கால்களில் எழும்பி நின்று, கூரையின் தாழ்ந்த ஓரத்தில் செருகியிருந்த ஒரு காகித உறையைக் கடிக்க முயன்றுகொண்டிருந்தது. உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள். ஜெயராணி எழுந்துபோய் ஆட்டை விரட்டினாள். மஞ்சள் தடவிய காகிதத்தைக் குப்பையில் போடக்கூடாதே என்று எறவாணத்தில் செருகி வைத்ததாகவும், இந்தச் சனியன் இரண்டு மாதமாக அதைக் குறிவைத்துத் திரிவதாகவும் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாள். இளமதி அதைக் காதில் வாங்கினாள்; மனத்தில் வாங்கவில்லை. அது தன் பிழை என்று அவள் பிற்பாடு ஒப்புக்கொண்டாள். அவள் ஒப்புக்கொண்ட பிழைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

அப்போது அவள் கவனமெல்லாம் சட்டையின் மேல் இருந்தது. கடிதத்தோடு வந்த புகைப்படத்தின் நகலைச் சட்டைக்கு அருகில் வைத்தாள். படத்தில் சட்டையின் இரண்டு கைகளிலும், தோளிலிருந்து மணிக்கட்டு வரையில், கத்தி முனைபோல ஒரு மடிப்பு நின்றது.

"அண்ணே, துவைச்சுப் பிழிஞ்சு கொடியில போட்ட சட்டை எப்பிடி இருக்கும்?"

"எங்க வீட்டுலயா மேடம்? கந்தலா இருக்கும்."

"இஸ்திரி மடிப்பு இருக்குமா?"

ஆரோக்கியராஜ் குனிந்து படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, துவைக்காமலேயே காயவைக்கும் குடும்பங்கள் நாட்டுக்கு எவ்வளவு சோப்பு மிச்சப்படுத்துகின்றன என்று வியந்தார். இஸ்திரி போட்ட சட்டையைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, ஆளில்லாத வீட்டின் கொடியில் மாட்டி, படமெடுத்துக்கொண்டு, ஈரமே இல்லாத அச்சட்டையை அங்கேயே காயவிட்டுப் போயிருக்கிறான் ஒரு மகானுபாவன். பொய் சொல்வது ஒரு தொழில் என்றால் அதிலும் கொஞ்சம் உழைப்பு வேண்டாமா? ஒரு குவளைத் தண்ணீரில் நனைத்திருந்தால் போதுமே. அந்தச் சோம்பலைத்தான் இளமதியால் மன்னிக்க முடியவில்லை.

கழுத்துப் பட்டியைத் திருப்பினாள். உட்புறத்தில் கறுப்பு மையில் சிறியதாக ஒரு குறி: 'ச 4'. இஸ்திரி போடுகிறவர்கள் வீடு மாறாமல் இருக்க எழுதிக்கொள்வது.

கலியமூர்த்தி எங்கே இருக்கிறான் என்று கேட்டதற்கு, கல்யாணத்துக்குப் பிறகு கடலூர் முதுநகரில் இருப்பதாக மட்டும் ஜெயராணிக்குத் தெரிந்திருந்தது. தெருவோ எண்ணோ தெரியாது. அண்ணன் இறந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு அவன் இந்தக் குடிசைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. வந்தாலும் வாசலோடு சரி. தாழ்ந்த கூரைக்குக் குனிந்தால் வாரிய தலை கலைந்துவிடுமாம்.

*

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடலூர் முதுநகர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. முதல் இஸ்திரி வண்டிக்காரர் குறியைப் பார்த்துவிட்டுத் தன்னுடையது இல்லையென்றார். இரண்டாமவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மூன்றாவது வண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. அதில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்மணியின் பெயர் கலைமணி. ஆரோக்கியராஜ் பையிலிருந்து சட்டையைப் பாதிதான் எடுத்தார். மீதிப் பாதியை அந்த அம்மாள் பிடுங்கிக்கொண்டாள்.

"இதைத்தான் நான் திருடிட்டேன்னு தெருவுல நிக்க வச்சு மானத்தை வாங்குனான் அந்த ஆளு."

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவள் சொன்ன விவரம் இது. 'ச 4' என்றால் சபாபதி வீடு, நான்காம் எண். அந்த வீட்டு மருமகன் கலியமூர்த்தி. மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு காலையில், வழக்கமாக வராத மாமனார் சபாபதி தாமே வந்து துணி மூட்டையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலையே மருமகன் வந்து தொழிற்சாலைச் சட்டை ஒன்று குறைகிறது என்று கத்தினான். பெரியவர் எண்ணி வாங்கினாரே என்று இவள் சொன்னதை அவன் கேட்கவில்லை. திருடி என்றான். பெரியவர் பக்கத்திலேயே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான்கு வீடுகள் இவளிடம் துணி போடுவதில்லை.

"அப்ப மருமகன் இங்கதான் இருக்குறாரு," என்றாள் இளமதி.

"இங்க இல்லாம எங்க? கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்டோட மாப்பிள்ளைதான். ஆனா அந்த வார்த்தையை மட்டும் அவன் காதுபடச் சொல்லிராதீங்க. அடிக்கவே வந்துருவான்."

இளமதிக்கு வழக்கு தலைகீழாகத் திரும்பியது. கொடியில் சட்டையை மாட்டியவன் கலியமூர்த்தி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சட்டைக்குச் சொந்தக்காரனோ அதைக் காணோமென்று தெருவில் சண்டை போட்டிருக்கிறான். சொந்த மருமகனின் சட்டையைத் திருடிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய், அதிகம் பழக்கமில்லாத ஒரு விதவையின் கொடியில் மாட்ட வேண்டிய தேவை ஒரு மாமனாருக்கு என்ன?

தேவை என்னவென்பதைத் திருவாளர் சபாபதி அவர்களே ஐந்து நிமிடத்தில் தெரிவித்தார். யாரும் கேட்காமலேயே தெரிவித்தார்.

நான்காம் எண் வீட்டு வாசலில் கையில் கோப்போடு ஒரு பெண்ணையும், குறிப்பேட்டோடு ஒரு நடுவயதுக்காரரையும் கண்டதும், வெள்ளை வேட்டியிலும் வெள்ளைச் சட்டையிலும் இருந்த அந்தப் பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். அடுக்குமாடி விஷயமாகத்தானே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் வருவதற்குள் நாற்காலி போட்டார். ஏழைகளுக்குக் கட்டப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். அதைச் சரிபார்க்க அதிகாரிகள் வருவார்கள் என்று பத்து நாட்களாக வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். இளமதி தான் அதிகாரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பைத் திறந்தாள்.

"வீட்டுல நானும் எம் பொஞ்சாதியும்தான் மேடம். ரெண்டு வயசான ஜீவன். சம்பாத்தியம்னு ஒண்ணும் கெடையாது. மவளும் மாப்பிள்ளையும் அவுங்க ஊரு மணல்திட்டுல, அவுங்க அண்ணன் வீட்டுல இருக்காங்க. போட்டோகூட இருக்கு."

இரண்டு வயதான ஜீவன்களின் வாசலில் ஆறு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை தொங்கியது. சுவரோரம் ஒரு தொழிற்சாலைத் தலைக்கவசம். ஆரோக்கியராஜ் அதை எடுத்துத் தம் தலையில் பொருத்திப் பார்த்துவிட்டு, பெரியவருக்கு இது கொஞ்சம் பெரிசாக இருக்குமே என்று கவலைப்பட்டார்.

இளமதிக்கு விளங்கிவிட்டது. ஒரே வீட்டில் வசிக்கும் வயது வந்தோர் அனைவருடைய வருமானத்தையும் சேர்த்துத்தான் ஏழையா இல்லையா என்று பார்ப்பார்கள். மருமகனின் சம்பளம் சேர்ந்தால் சபாபதி ஏழையாக முடியாது. ஆகவே மருமகனை வீட்டை விட்டு வெளியேற்றாமல், காகிதத்தில் மட்டும் வெளியேற்றியிருக்கிறார். வெளியேற்றியவனை எங்கேயாவது குடிவைக்க வேண்டுமல்லவா? அரசுக் காகிதத்திலேயே அது பதியட்டும் என்று ஒரு மொட்டைக் கடுதாசியும் எழுதி, மணல்திட்டில் குடிவைத்துவிட்டார். அங்கே இடிந்த சுவரும் இரண்டு புடவையும் உள்ள ஒருத்தி வீட்டுக்காகக் காத்திருப்பதைப் பற்றி அவர் நினைத்தும் பார்க்கவில்லை. ஜெயராணியின்மேல் அவருக்குப் பகைகூட இல்லை. குப்பை கொட்டுகிறவன் குப்பைமேட்டின்மேல் பகை வைத்தா கொட்டுகிறான்? பகையாளியாக இருந்தாலாவது ஒரு மரியாதை வைக்கலாம் என்று இளமதிக்குத் தோன்றியது.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து தூங்கியெழுந்த குரல்.

"மாமா, எங் கைலியை எங்க போட்டாங்க?"

துண்டோடு வெளியே வந்தவன் கலியமூர்த்தி. சபாபதி இருமினார். இருமலில் ஒளித்துவிடக்கூடிய உருவம் அல்ல அது. இளமதி நீலச் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். அது எங்கே எப்படிக் கிடைத்தது, அதனால் அவனுடைய அண்ணிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொன்னாள். ஒரே ஒரு வரி போதும் என்றாள்: தான் வசிப்பது கடலூர் முதுநகரில், மாமனார் வீட்டில் என்று அவன் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கலியமூர்த்தி சட்டையைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தபோது, அண்ணன் மனைவிக்காகத்தான் சிவக்கிறது என்று இளமதி ஒரு கணம் நம்பினாள். பதினோரு ஆண்டு அனுபவமுள்ளவள் நம்பியிருக்கக் கூடாது.

சபாபதி நிதானமாக மீசையைத் தடவினார். "எழுதிக் குடுங்க மாப்ள. 'வீட்டோட மாப்பிள்ளையா இருக்கேன்'னு எழுதுங்க. நாளைக்கு உங்க ஊரு கூட்டத்துல மைக்கு வச்சுப் படிப்பாங்க."

கலியமூர்த்தி நிமிர்ந்தான். "நான் எங்க அண்ணன் வீட்டுலதான் இருக்கேன்," என்றான். "இங்க அப்பப்ப வந்துட்டுப் போறதுதான். நாளைக்கு நானே வந்து சொல்றேன்."

*

திரும்பும் பேருந்தில் இளமதி ஆலப்பாக்கம் வரையில் வழக்கை மனத்துக்குள் புரட்டிக்கொண்டே வந்தாள். கலைமணி ஊர்க்கூட்டத்துக்கு வந்து சாட்சி சொல்ல மாட்டாள். இன்னும் நான்கு வீட்டுத் துணி போய்விடும் என்ற அவளுடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஜெயராணியின் அக்கம்பக்கத்தாரோ, சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் வம்பு நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிட்டார்கள். இஸ்திரி மடிப்பைக் காட்டினால், அண்ணி வீட்டில் இருப்பவன் வெளியில் இஸ்திரி போடக்கூடாதா என்பார்கள். வசிப்பவனே வந்து நான் வசிக்கிறேன் என்று சொல்லிவிட்டால், அவன் வசிக்கவில்லை என்று சொல்ல வேறு யாருக்கு உரிமை இருக்கிறது? ஒரு சொல்லுக்குக் கூசிக்கொண்டு ஒருத்தியின் கூரையைப் பிடுங்க முன்வந்த அந்த மனிதனை நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

புதுச்சத்திரத்தில் பேருந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, சிதம்பரம் சிதம்பரம், ஏறுங்க ஏறுங்க என்று உள்ளே பார்த்துக் கூவினார். ஆரோக்கியராஜுக்குத் தொழில் முறையில் அது பொறுக்கவில்லை.

"புதுப் பையன். பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கறவனைப் பாத்து ஏறுங்கன்னு கூப்புடுறான். வெளிய நிக்கிறவனைத்தானே மேடம் கூப்புடணும்? உள்ள இருக்கறவனை எவனாவது வா வான்னு அழைப்பானா?"

இளமதி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, ஜெயராணியின் பக்கத்து வீட்டு எண்ணுக்கு அழைத்து, அவளை வரவழைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: எறவாணத்தில் செருகியிருக்கும் அந்த மஞ்சள் உறை யார் கொடுத்தது?

பதிலைக் கேட்டதும் அவள் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு மலர்ச்சி வந்தது.

"அதைப் பிரிக்காதீங்க. எடுத்துப் பெட்டிக்குள்ள வைங்க," என்றாள். "அப்புறம் ஆட்டைக் கட்டிப் போடுங்க."

*

மணல்திட்டு நூலகக் கட்டடத்தின் முன்னே பந்தல் போட்டிருந்தார்கள். சரிபார்க்க வந்திருந்த அலுவலர் சிவபிரசாத் இளவயதுக்காரர். நல்லவர் என்று சொல்லலாம். காகிதத்தில் உள்ளதை மட்டுமே பார்க்க முடியும் என்று மூன்று முறை சொன்னார். கலியமூர்த்தி எண்ணெய் வைத்து வாரிய தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெள்ளையும் வெள்ளையுமாகத் திருவாளர் சபாபதி, மருமகன் தவறி உண்மை பேசிவிடாமல் காவலுக்கு வந்திருந்தார்.

ஜெயராணியின் பெயர் வந்தது. ஆட்சேபம் படிக்கப்பட்டது. கலியமூர்த்தி எழுந்து, அண்ணன் போனதிலிருந்து அண்ணிக்கு ஆதரவாகத் தான்தான் அந்த வீட்டில் கூட இருப்பதாகச் சொன்னான். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஜெயராணி தலையைக் குனிந்துகொண்டாள். சிவபிரசாத் பேனாவை எடுத்தார்.

தான் ஜெயராணி சார்பில் வந்திருப்பதாகவும், இரண்டே கேள்விகள் கேட்க அனுமதி வேண்டுமென்றும் இளமதி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டாள். கலியமூர்த்தியின் பக்கம் திரும்பி, அவனுடைய மகளுக்கு ஆவணி மாதம் நடந்த மஞ்சள் நீராட்டு விழா மிகச் சிறப்பாக இருந்ததாமே என்றாள். கலியமூர்த்தி மலர்ந்தான். சீர்வரிசை மட்டும் எழுபது தட்டு என்றான்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் பத்திரிகை வச்சீங்களாமே."

"ஒரு வீடு விடல மேடம்."

"அண்ணியை மட்டும் விட்டுட்டீங்கன்னு யாரோ சொன்னாங்க."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எவன் சொன்னது? மொதப் பத்திரிகையே அண்ணிக்குத்தான். தபால்லகூட அனுப்பல. நானே நேர்ல வந்து, வாசல்ல நின்னு, கையில குடுத்தேன். கேட்டுப் பாருங்க."

ஆரோக்கியராஜ் பின்வரிசையிலிருந்து, டிக்கெட் கேட்கும் குரலில் கேட்டார்: "வந்து குடுத்தீங்களா? எங்கேர்ந்து வந்தீங்க?"

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது வரிசை வரிசையாகப் பரவியது. தன் வீட்டுக்குத் தானே வந்து, தன் வாசலில் தானே நின்று, தன் குடும்பத்தைத் தன் வீட்டு விசேஷத்துக்கு அழைத்துவிட்டுப் போன மனிதனை மணல்திட்டு அதுவரை பார்த்ததில்லை.

ஜெயராணி உறையைக் கொண்டுவந்து அலுவலரின் மேசைமேல் வைத்தாள். ஒரு மூலையை ஆடு தின்றிருந்தது. மேலே கலியமூர்த்தியின் கையெழுத்தில் 'திருமதி ஜெயராணி அவர்கள் குடும்பத்தார், மணல்திட்டு' என்று இருந்தது. வாசலில் நின்று நீட்டிய விதத்திலேயே வர வேண்டாம் என்ற பொருள் இருந்ததால், தான் அதைப் பிரிக்கவே இல்லை என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள்.

சிவபிரசாத் உறையைக் கிழித்தார். காகிதத்தில் உள்ளதை மட்டுமே பார்க்கக்கூடிய அவருக்கு இப்போது ஒரு காகிதம் கிடைத்திருந்தது. உரக்கப் படித்தார்.

"…எங்கள் செல்வியின் மஞ்சள் நீராட்டு விழா, கடலூர் முதுநகர், எண் நாலு, 'கலியமூர்த்தி இல்லத்'தில் நடைபெறுவதால்…"

உள்ளே என்ன இருக்கும் என்பது இளமதிக்கே தெரியாது. உறையின் மேலுள்ள முகவரி போதும் என்றுதான் அவள் வந்திருந்தாள். வீட்டோட மாப்பிள்ளை என்ற பெயருக்குக் கூசிய மனிதன், அந்த வீட்டையே தன் இல்லமாக அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருப்பான் என்று அவள்கூட எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்க்காதவர் இன்னொருவரும் இருந்தார். அச்சுக்கூலி மருமகனுடையது என்பதால், திருவாளர் சபாபதி அந்தப் பத்திரிகையைப் படித்துப் பார்த்ததே இல்லை. அவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னது, கலியமூர்த்தி இல்லமா? அது எம் வீடுடா. கல்யாணமான நாள்லேர்ந்து எம் வீட்டுல ஒண்டிக்கிட்டு, எஞ் சோத்தைத் தின்னுக்கிட்டு, இல்லம்னு அச்சடிக்கிறியா நீ?"

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது என்னவென்று அவருக்குக் கேட்டது. மெதுவாக உட்கார்ந்தார்.

சிவபிரசாத் அவருடைய முழுப் பெயரையும் கதவு எண்ணையும் மிக மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடலூரில் அடுக்குமாடி விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்கு இதை அனுப்பி வைப்பதாகவும் தெரிவித்தார். பிறகு பட்டியலைத் திருப்பி, ஜெயராணியின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்புக் கோட்டின்மேல் ஆட்சேபம் தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கூட்டம் கலைவதற்கு முன் ஜெயராணி கலியமூர்த்தியிடம் நடந்து போனாள். இம்முறை நீலச் சட்டையைப் பாயிலோ மேசையிலோ வைக்கவில்லை. தன் இரண்டு கைகளாலும், ஊர் பார்க்க, அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க தம்பி," என்றாள். "வீட்டோட இருக்க வேண்டியதை இப்பிடி ஊருக்கு ஊரு விடாதீங்க."

கலியமூர்த்தி வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வான்? அவன் சட்டைதானே அது.